வெள்ளை ஜினியா மட்டும்

ஓல்சன்லேக்கில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. காப்பிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ‘இன்னொரு கப்?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பார்கள். மறுபடி கேட்டால் மறுபடி ‘வேண்டாம்’. மூன்றாவது தடவை ‘ஐயோ, வேண்டவே வேண்டாம்’. நாலாவது தடவை கேட்டதும், ‘நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால அரை கப்’ என்று கோப்பை நீளும். மூன்றோடு நிறுத்திக்கொள்கிறவர்களை அந்த ஊரில் கருமி என்பார்கள். மற்றபடி எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும்’தான். பிடிக்காத ஒன்றைப் பார்த்தால் ‘நல்லா இல்லை’ என்று சொல்கிற வழக்கமும் கிடையாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ‘வித்தியாசமா இருக்கு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லால் நின்றுபோன கல்யாணம்கூட அந்த ஊரில் உண்டு.

மார்லிஸின் சமையலறை வெள்ளையானதும் அந்தச் சொல்லால்தான். ஆர்வில்லைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருஷம், தானே ஏணி போட்டு ஏறி, சமையலறை முழுக்க ஆரஞ்சு நிறம் அடித்தாள். மினசோட்டாவில் ஆறு மாதம் வெளியே பார்த்தால் வெள்ளை. உள்ளேயாவது கொஞ்சம் வெயில் இருக்கட்டுமே என்று ஆசை. ஆர்வில்லின் அக்கா போர்கில்ட் வந்தாள். பெயரிலேயே போர், அவர்கள் முன்னோர் பேசிய நார்வே மொழியிலும் அந்தப் பெயருக்குக் கோட்டை, சண்டை என்றுதான் பொருளாம். வந்தவள் வாசலிலேயே நின்று நாலு சுவரையும் பார்த்தாள்.

“ம்... வித்தியாசமா இருக்கு” என்றாள்.

அந்தச் சனிக்கிழமைக்குள் சமையலறை வெள்ளையாகிவிட்டது. அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம். திரைச்சீலை, சோபா, பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குக் கேக், எல்லாவற்றுக்கும் போர்கில்ட் கேட்பாள், மார்லிஸ் ‘ஆகட்டும்’ என்பாள். நாத்தனாரிடம் ஒரே ஒரு தடவையாவது ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும் என்பது மார்லிஸ் யாரிடமும் சொல்லாத வைராக்கியம். அறுபத்தாறு வயதாகிவிட்டது. நாக்குதான் எழும்பவில்லை.

பிப்ரவரியில் சர்ச்சின் பூக்குழு கூடியது. அடித்தளக் கூடத்தில் எட்டுப் பெண்கள், ஒரு பெரிய காப்பிக் குடுவை. தலைவி போர்கில்ட். ஜூலைக் கடைசி ஞாயிறு சர்ச்சுக்கு நூற்று இருபத்தைந்தாவது ஆண்டு விழா, பிஷப் வருகிறார். சாலையிலிருந்து வாசல் வரை நாற்பத்தெட்டு அடிப் பாத்தி, ஆளுக்கு ஆறடி.

“எல்லாம் விதையிலேர்ந்து வளர்க்கணும்” என்றாள் போர்கில்ட். “கடையில நாத்து வாங்கி வெக்கிறது தோட்ட வேலை இல்ல. அது ஹோட்டல் சாப்பாடு.”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

“ஜினியா. அதைவிட லேசான பூச்செடி கிடையாது, தூவினா வந்துரும். நிறம் வெள்ளை. வெள்ளை மட்டும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

ஹீட்டர் குழாய் இரண்டு தடவை டொக்கென்றது.

“வெள்ளைன்னா... சுத்தமா இருக்கும்” என்றாள் டார்லீன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிவப்புக் கார், சிவப்புக் கண்ணாடி, சிவப்பு நகம்.

போர்கில்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மார்லிஸிடம் வந்ததும் பார்வை கொஞ்சம் கூடுதலாகவே நின்றது.

“மார்லிஸ்? நீ ஏதாவது சொல்லணுமா?”

“ஆகட்டும், போர்கில்ட்” என்றாள் மார்லிஸ். சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

அந்த ஊர்ப் பெண்கள் பனிக்காலத்திலேயே விதைப்பார்கள். அதற்குப் பெரிய பிளாஸ்டிக் பால் டப்பா வேண்டும். டப்பாவை வயிற்றோடு அறுத்து, கைப்பிடிப் பக்கம் மட்டும் விட்டு, அடியில் ஓட்டை போட்டு, நாலு விரல் உயரம் ஈர மண் போட்டு, விதையைத் தூவி மூடி, சுற்றி டேப் ஒட்டி, பனியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். டப்பா வாயின் மூடியைத் திருகி எறிந்துவிட்டால் மழையும் பனியும் தானாக உள்ளே போகும். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். எப்போது முளைப்பது என்று விதைக்கே தெரியும். இதைவிடச் சோம்பேறியான வேளாண்மை உலகத்தில் இல்லை. சிரமமெல்லாம் ஆர்வில்லுக்குத்தான்.

“இன்னும் எத்தனை டப்பா வேணும்?” மார்ச் மாதம் முழுக்க மூன்று வேளையும் பால் குடித்துக் களைத்துப்போய்க் கேட்டான்.

“ரெண்டே ரெண்டு.”

“கன்னுக்குட்டிகூட இவ்வளவு குடிக்காது, மார்லிஸ். கூப்பிட்டா ‘ம்மா’ன்னு குரல் வருது எனக்கு.”

“குடிங்க. சர்ச்சுக்குத்தானே.”

போர்கில்ட் ஆளுக்கு இரண்டு பாக்கெட் வெள்ளை ஜினியா விதை கொடுத்திருந்தாள். மார்லிஸ் அதை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் தீவனக் கடையில் தானே வாங்கிய இன்னொரு பாக்கெட்டையும் வைத்தாள். அதன் உறையில் தீப்பிடித்த மாதிரி ஓர் ஆரஞ்சு ஜினியா. இரண்டையும் பிரித்துக் கொட்டிப் பார்த்தாள். வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் விதையில் வித்தியாசமே இல்லை, இரண்டும் அதே காய்ந்த அம்பு முனைதான். செடியாகி, இலை விட்டு, மொட்டு வாயைத் திறக்கிற வரைக்கும் உலகத்தில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. மார்லிஸுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஜிவ்வென்றது. வாயால் சொல்ல முடியாததை விதையை விட்டுச் சொல்ல வைத்துவிடலாம். அது சொல்வதற்கு ஐந்து மாதம் ஆகும், அவ்வளவுதானே!

நாலு டப்பாவில் ஆரஞ்சைத் தூவி, மேலே பென்சிலால் ‘வெள்ளை’ என்று எழுதினாள். ஆனால் போர்கில்ட் கொடுத்த விதையைக் குப்பையில் போட மட்டும் மனம் வரவில்லை. நல்ல விதையை வீணாக்குவது அந்தச் சனங்களுக்குக் கொலைக்குச் சமம். ஆகவே அதையும் இரண்டு டப்பாவில் தூவி, கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

“அது என்ன?” என்றான் ஆர்வில்.

“பீன்ஸ்.”

“பீன்ஸுக்கு எதுக்குப் பால் டப்பா?”

“அப்ப நீங்க குடிச்சது வீண்னு சொல்றீங்களா?” என்றாள்.

மே மாதம் பனி விலகியது. டப்பாக்களுக்குள் பச்சை முட்டிக்கொண்டு நின்றது. மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறை முடிந்த வாரம் எட்டுப் பேரும் சேர்ந்து பாத்தியில் நட்டார்கள். ஒவ்வொருத்தர் ஆறடிக்கும் முன்னால் ஐஸ்கிரீம் குச்சியில் பெயர் எழுதிக் குத்த வேண்டும் என்பது போர்கில்ட்டின் சட்டம். யார் தண்ணீர் ஊற்றவில்லை என்று தெரிய வேண்டுமாம்.

“பேனாவால எழுதாதீங்க, வெயிலுக்கு வெளுத்துரும். பென்சில். பென்சில் எழுத்து எத்தனை மழை பெஞ்சாலும் போகாது” என்றாள்.

மார்லிஸ் தன் பெயரைத் தானே பென்சிலால் எழுதிக் குத்தினாள். அப்போது அதில் இருந்த ஆபத்து உறைக்கவில்லை.

ஜூன் மாதம் முழுக்க அவளுக்குக் கொண்டாட்டம்தான். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குள் போகும்போது பாத்தியைப் பார்ப்பாள். எட்டு ஆறடியும் ஒரே பச்சை, ஒரே உயரம், சாதுவான முகம். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பக்திப் பரவசம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

ஜூன் கடைசி ஞாயிறு காப்பி நேரத்தில்தான் இடி விழுந்தது. எல்லோரும் எலுமிச்சைக் கேக் தட்டோடு நிற்கிறார்கள். போர்கில்ட் குரலை உயர்த்தினாள்.

“பாத்தி நல்லா வந்திருக்கு. மத்தவங்களது எல்லாம் நான் தினம் போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன். மார்லிஸோடத மட்டும் பார்க்கிறதே இல்ல. பார்க்கவே வேண்டாம். முப்பத்தெட்டு வருஷமா எனக்குத் தெரியுமே, சொன்னா சொன்னதுதான்.”

மார்லிஸுக்குக் கேக் தொண்டையில் சிக்கியது. டார்லீன் முதுகில் தட்டினாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேக் இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்; நம்பிக்கை வைத்துவிட்டாளே! அந்த ஆரஞ்சு பிஷப் முன்னால் வாயைத் திறக்கும், கீழே குச்சியில் ‘மார்லிஸ்’ என்று அழியாத பென்சில் எழுத்து இருக்கும். ஏழு வெள்ளைக்கு நடுவில் ஓர் ஆரஞ்சு. போர்கில்ட் தலையைச் சாய்த்து அந்தச் சொல்லைச் சொல்லுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. குச்சியை டார்லீன் பாத்திக்கு மாற்றிக் குத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். அவ்வளவு கேவலமாகிவிட்டேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ‘பீன்ஸ்’ நினைவுக்கு வந்தது. வெள்ளை அங்கே நிஜ பீன்ஸுக்கு நடுவே சமர்த்தாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஜூலை முதல் வாரம் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து அடித்தளத்தில் சாப்பாடு. பூக்குழு முழுக்கக் கீழே பன்னில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது. பட்டப்பகல், மேலே ஈ காக்காய் இல்லை. மார்லிஸ் இரண்டு வாளியோடு பாத்திக்கு வந்தாள். ஆரஞ்சுச் செடிகளை மண்ணோடு பெயர்த்து ஒரு வாளியில் போட்டாள். மற்ற வாளியிலிருந்து வெள்ளையை எடுத்து நட்டாள். ஒரு மொட்டின் நுனியில் ஆரஞ்சு கீற்றாகத் தெரிந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

“மார்லிஸ்!”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, கத்தவும் முடியாமல் நின்றாள். போதகர் கெவின். மார்லிஸ் ஏப்ரனைக் கழற்றி வாளியை மூடினாள்.

“சாப்பாட்டைக்கூட விட்டுட்டுக் களை எடுக்கிறீங்களா?”

“ஆமா, பாஸ்டர். களைதான்.”

“உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா இந்தச் சர்ச் எங்கேயோ போயிடும்” என்று மனம் நெகிழ்ந்து சொல்லிவிட்டு அவர் பன் சாப்பிடப் போனார்.

‘களை’களை வீட்டுக்குக் கொண்டுபோய் பீன்ஸுக்கு நடுவே நட்டாள். வீணாக்க முடியாதே. ஜினியா வளர்ந்த பிறகு இடம் மாற்றினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வெள்ளை ஜினியா மறுநாளே தொங்கிப்போய் நின்றது. பார்க்கச் சகிக்காமல், ஆர்வில்லை இழுத்துக்கொண்டு வடக்கே ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டாள். அங்கே இருந்த மூன்று வாரமும் ஒரு மீனும் சிக்கவில்லை. மார்லிஸுக்கு அது பெரிதாகப் படவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் சொன்ன ஒரே ஒரு ‘முடியாது’. அதையும் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அதை நினைத்து இரண்டு தடவை அழுதாள். ஆர்வில்லிடம் மீன் கிடைக்காத வருத்தம் என்றாள்.

விழா ஞாயிறு காலை நேராக ஏரியிலிருந்து சர்ச்சுக்கு வந்து இறங்கினார்கள். காரின் கதவைத் திறந்தவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பாத்தி பற்றி எரிந்தது. சாலை ஓரத்தில் முதல் ஆறடி ரத்தச் சிவப்பு, குச்சியில் டார்லீன். அடுத்து மஞ்சள். அடுத்து கத்திரிப்பூ நிறம். அடுத்து, எண்பது வயது மூத்த அங்கத்தினர் இன்கெர் அம்மாவின் ஆறடியில், பிள்ளைகள் தின்கிற சாக்லேட்டின் உறை மாதிரி சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட பூ. இளஞ்சிவப்பு. பச்சை. ஆம், பச்சையில்கூட ஒரு ஜினியா இருக்கிறது. யாரோ ஒருத்தி தேடிப் பிடித்திருக்கிறாள். ஏழு பேரும் பிப்ரவரியில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், தான் ஒருத்திதான் துணிந்தவள் என்று நினைத்துக்கொண்டு விதையை மாற்றியிருக்கிறார்கள்!

அத்தனை நிறத்துக்கும் நடுவில், வயிற்றுவலிக்காரி மாதிரி கூனிக் குறுகி, முழங்காலுக்குக் கீழே ஓர் ஆறடி வெள்ளை. குச்சியில் பென்சில் எழுத்து கொஞ்சமும் அழியாமல் இருந்தது.

பிஷப் பாத்தியை ரசித்துக்கொண்டே வந்தார். மார்லிஸின் ஆறடிக்கு வந்ததும் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“இது... வித்தியாசமா இருக்கு” என்றார்.

மார்லிஸ் வாசலுக்கு அருகே இருந்த கடைசி ஆறடியைப் பார்த்தாள். அங்கே ஆரஞ்சு. தீவனக் கடை பாக்கெட்டில் இருந்த அதே ஆரஞ்சு. குச்சியைக் குனிந்து படித்தாள். போர்கில்ட்.

ஆராதனை முடிந்து காப்பிக்கு இறங்கினார்கள். பூக்குழு ஒரே மேஜையில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ஆனால் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மார்லிஸ் கோப்பையோடு நேராகப் போர்கில்ட் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“வெள்ளை மட்டும்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமா. எனக்கு முன்னாடி தலைவியா இருந்தவ காலத்துலேர்ந்து வெள்ளைதான். எனக்கு அது பிடிக்காது, ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி. யாராவது ஒருத்தி ‘வேண்டாம்’னு சொல்லட்டும்னு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டேன். ஒவ்வொருத்தி மூஞ்சியா பார்த்தேன். ஒருத்திக்கும் வாய் வரல. உன்கிட்ட தனியா வேற கேட்டேன். நீயும் ‘ஆகட்டும்’னுட்ட. சரி, தலைவியே எப்படி மாத்துறதுன்னு திருட்டுத்தனமா போட்டேன்.”

“நானும் ஆரஞ்சுதான் போட்டேன்” என்றாள் மார்லிஸ்.

“தெரியும். நீ புடுங்கினதையும் பார்த்தேன்.” போர்கில்ட் மேலே கையைக் காட்டினாள். அடித்தளத்தின் ஜன்னல் தரைமட்டத்தில் இருந்தது. அதில் போகிற வருகிறவர்களின் கால் மட்டும் தெரிந்தது. “வெண்ணெய் தடவிட்டிருந்தேன். உன் பச்சை ஷூ வந்துச்சு. ஆரஞ்சு மொட்டோட ஒரு செடி வாளியில விழுந்துச்சு. எனக்கு அப்படியே கத்தியை வீசிட்டு ஓடிவரணும் போல இருந்துச்சு. அடிப் பாவி, கடைசியில நம்மாளு ஒருத்திக்குத் தைரியம் வந்துச்சேன்னு பார்த்தா, அதையும் புடுங்குறியே!”

“என்னைப் பார்க்கவே வேண்டாம்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே!”

“நீ தண்ணி ஊத்துறியான்னு பார்க்க வேண்டாம்னுதான் சொன்னேன். வேற என்ன?”

மார்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அது போகட்டும் என்று, முப்பத்தெட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே விட்டாள்.

“அப்ப என் சமையலறை?”

“எந்தச் சமையலறை?”

“ஆரஞ்சு அடிச்சேனே. ‘வித்தியாசமா இருக்கு’ன்னீங்க.”

“வித்தியாசமாத்தானே இருந்துச்சு!” போர்கில்ட் கண்ணை விரித்தாள். “எவ்வளவு அழகா இருந்துச்சு அது. கடைக்குப் போய் அதே பெயிண்ட் ஒரு டப்பா வாங்கிட்டுக்கூட வந்தேன். வரதுக்குள்ள நீ வெள்ளை அடிச்சிட்ட. சரி, இவளுக்கே பிடிக்கல போலன்னு நானும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டு வெள்ளை அடிச்சேன்.”

முப்பத்தெட்டு வருஷம். இரண்டு சமையலறை. மார்லிஸுக்கு நாத்தனார் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லையே.

போர்கில்ட் காப்பிக் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேஜை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“எனக்கு எழுபத்துநாலு ஆச்சு, போதும். சொன்ன சொல்லைக் காப்பாத்தினது இந்தக் குழுவுல ஒரே ஒருத்திதான், சாட்சி வெளியே நிக்குது. அடுத்த வருஷத்துலேர்ந்து மார்லிஸ்தான் தலைவி. என்ன, மார்லிஸ்?”

டார்லீன் கை தட்டினாள். வழக்கமான ‘ஆகட்டும்’ மார்லிஸின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

“வேண்டாம்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். முறைப்படிதானே நடக்கிறது.

“அட, ஒத்துக்கோ.”

“வேண்டாம்.”

“உன்னை விட்டா யாரு இருக்கா?”

“வேண்டவே வேண்டாம்.”

மூன்று ஆயிற்று. டார்லீன் வாழ்த்துச் சொல்லத் தயாராக எழுந்தே நின்றுவிட்டாள். போர்கில்ட் புன்னகையோடு குனிந்து, முறைப்படி நாலாவது தடவை கேட்டாள்.

“கடைசியா கேக்கிறேன், மார்லிஸ். ஏத்துக்கிறியா?”

“முடியாது” என்றாள் மார்லிஸ். “எனக்கு வீட்டுல பெயிண்ட் வேலை இருக்கு.”

பக்கத்து மேஜையில் பிஷப் கேக்கை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார். ஓல்சன்லேக்கில் நாலாவது ‘வேண்டாம்’ அதுவரை யாரும் கேட்டதில்லை.

போர்கில்ட் குடுவையை மேஜைமேல் வைத்தாள். தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்து மார்லிஸைப் பார்த்தாள்.

“ம்... வித்தியாசமா இருக்கு” என்றாள்.

“தேங்க்ஸ்” என்றாள் மார்லிஸ்.